கடைசித் துண்டு

சத்தியமாச் சொல்றேன் தம்பி, இதுல ஒரே ஒரு சொல்லு பொய்யா இருந்தாலும் இந்தக் காபிக் கோப்பை என் கையிலயே வெடிக்கட்டும்! என்ன அப்படிப் பாக்கறே? கல்லாவுல நிக்கிறாளே, அவ என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா? விடு. நான் தூண்டில்ல புடிச்ச மீனு படகோட என்னை இழுத்துக்கிட்டு ஏரியை ரெண்டு சுத்து சுத்துச்சுன்னு சொன்னேன், அதையே நம்பாதவ. அது வேற கதை. இது நடந்தது.

உக்காருப்பா. ஸ்கூல்ல சாப்பாடு பதினொன்றரைக்குத்தான். இப்பவே போய் என்ன பண்ணுவே, அந்தக் காத்துல வாசல்ல நின்னு விறைச்சுப் போவே. பக்கத்து ஊரு ஸ்கூல்லேருந்து வந்திருக்கே, எங்க ஊருப் புள்ளைங்க கீரை திங்குதாமே, அதைக் கண்ணால பாக்கணும்னு வந்திருக்கே. சமைக்கிறவன் யாருன்னுதானே கேட்டே? ஹால்வர்னு ஒருத்தன். என் பொண்ணு சிக்னியக் கட்டினவன். எனக்கு மாப்பிள்ளை. சொல்லிக்கிறதுல பெருமையெல்லாம் ஒண்ணுமில்ல, நீ கேட்டதால சொல்றேன்.

அவன் இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தான் தெரியுமா? டோனட் வண்டி. அதுவும் யாரோட வண்டி? என்னோடது! ஏழு ஊரு, ஒம்பது பெட்ரோல் பங்க்கு, ரெண்டு ஆஸ்பத்திரி கேன்டீன்னு முப்பத்தோரு வருஷம் நான் ஓட்டின ரூட்டு. பனி கழுத்து வரைக்கும் விழுந்த வருஷம் கூட ஒரு நாள் நின்னதில்ல. ஒரு தடவை பாலத்துல வண்டி மாட்டிக்கிச்சு, நாலு டோனட்டைச் சக்கரத்துக்கு அடியில போட்டு ஏத்திக்கிட்டு வந்தேன். சிரிக்காதே. அப்பேர்ப்பட்ட ரூட்டை, ஓய்வு வாங்கறப்ப, என் கையால சாவியக் கொடுத்து அவன்கிட்ட ஒப்படைச்சேன். பதினோரு வருஷம் ஓட்டினான். ஓட்டினதை விடத் தின்னதுதான் ஜாஸ்தி. வளைவுல வண்டியத் திருப்பினா தொப்பை ஹார்னை அமுக்கிடும். அந்தச் சத்தத்தை வச்சு ஊர்ல கடிகாரத்தைத் திருத்திக்குவாங்க, ஆமா.

ஒரு நாள் பேத்தி ஸ்கூல்ல நாடகம். லின்னியா, அப்ப அவளுக்கு ஆறு வயசு. அவளுக்குப் பூசணிக்காய் வேஷம். மாடி ஹால்ல நடக்குது. நம்மாளு பாதிப் படியில மூச்சு வாங்கி உக்காந்துட்டான். நான் பின்னாடியே வந்துக்கிட்டிருந்தேன், எழுவத்தி ரெண்டு வயசுல, கையில கோட்டு வேற. எந்திரிடா, பொம்பளைங்க தாண்டிப் போறாங்கன்னேன். அவனால முடியல. அந்தப் புள்ள பூசணிக்காய் வேஷத்தோட அவன் கையப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னுச்சு. மேல நாடகம் பூசணிக்காயே இல்லாம முடிஞ்சு, கைதட்டுறது கீழ வரைக்கும் கேக்குது. இது நகரவே இல்ல. அப்பா மூச்சு விடு, அப்பா மூச்சு விடுன்னு அவனுக்குச் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருக்கு.

ம்? ஒண்ணுமில்ல, காபி சூடு.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சான் பாரு கூத்தை. டாக்டர் என்னமோ நம்பர் சொன்னாராம். வீட்டுல வெள்ளை ரொட்டி கிடையாது, சாஸேஜ் கிடையாது, சோடா கிடையாது. ஃப்ரிட்ஜைத் திறந்தா மாட்டுக்குப் போடுறது மாதிரி இலை இலையா இருக்கும். கேல்னு ஒண்ணு, முட்டைக்கோசு செத்துப்போய் ஆவியா வந்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி. கதவுல ஒரு சார்ட்டு ஒட்டி, யாரு எத்தன கலர் காய் தின்னாங்கன்னு பொண்டாட்டிக்கும் புள்ளைக்கும் நட்சத்திரம் போடுறான்! ஒரு ஞாயித்துக்கிழமை நான் போனேன், என் பேருக்கும் ஒரு கட்டம் போட்டிருந்தான். காலியா இருந்துச்சு. தாத்தாவுக்கு ஒரு நட்சத்திரம் கூட இல்லப்பான்னு லின்னியா அழுவுது. நான் பாக்கெட்டுல ஒளிச்சு எடுத்துட்டுப் போன டோனட்டை அப்படியே திருப்பி எடுத்துட்டு வந்தேன். எவ்வளவு அவமானம் எனக்கு!

சரி, தின்னு தொலையட்டும்னு விட்டா, ஒரு நாள் சாவியக் கொண்டாந்து என் மேஜை மேல வச்சான். வண்டி ஓட்டலையாம். சமையல் படிக்கப் போறானாம். நாப்பத்தொரு வயசுல! பதினெட்டு வயசுப் பசங்களோட பெஞ்சுல உக்காந்து ஒரு வருஷம் வெங்காயம் நறுக்கினான் தம்பி. என் பொண்ணு முதியோர் இல்லத்துல ரெண்டு ஷிப்ட் பாத்தா. நான் அவன்கூடப் பேசுறதையே நிறுத்திட்டேன். பேசலன்னா, நேராப் பேசல. அவன் காதுல விழற மாதிரி நாய்கிட்டப் பேசுவேன்.

அந்தச் சமயத்துல ஸ்கூல்ல சமையல்காரம்மா ஓய்வு வாங்கிருச்சு. இவன் போய் எழுதிக் கொடுத்தான். ஸ்கூல் போர்டுக்குத் தலைவி வெர்னா. அந்தம்மா சிரிச்சா ஏரி உறைஞ்சுரும். அது சொல்லிச்சாம், ஹால்வர், எங்க புள்ளைங்க இதைத் தின்னாது. சர்ச்சுல அறுவடை விருந்து வருதுல்ல, அதுக்கு ஒரு ட்ரே செஞ்சு கொண்டா. பெரியவங்க எவ்வளவு திங்கறாங்கன்னு பாத்துட்டு முடிவு பண்றேன்னு. சிக்னியும் கண்டிப்பாச் சொல்லிட்டா: இது இல்லன்னா திங்கக்கிழமை நீ மறுபடி வண்டி ஏறிடணும், என்னால இதுக்கு மேல ரெண்டு ஷிப்ட் நிக்க முடியாது. டோனட் கம்பெனி அவன் இடத்தை அதுவரைக்கும் வச்சிருந்துச்சு. நான்தான் சொல்லி வச்சிருந்தேன், பொய் எதுக்கு?

உங்க ஊர்லயும் சர்ச்சு விருந்து இதே கதைதானே? கீழ்த்தளத்துல நீள மேஜை, வீட்டுக்கு ஒரு ட்ரே. எல்லா ட்ரேயிலயும் ஹாட்டிஷ். அரைச்ச மாட்டுக்கறி, மேல டப்பா சூப்பு, அதுக்கு மேல உருளைக்கிழங்கு உருண்டை. மார்லிஸ்னு ஒருத்தி, அவ கொண்டாறதுதான் அதுல ராணி. முப்பது வருஷமா அதே ருசி, முப்பது வருஷமா அதே பீத்தல். அந்த வரிசையில இவன் கொண்டாந்து வைக்கிறான்: காட்டரிசி, மஞ்சப் பூசணி, பருப்பு, அந்த ஆவி கீரை, மேல சூரியகாந்தி விதை. கறி இல்ல, சூப்பு இல்ல. அதுக்கும் பேரு ஹாட்டிஷாம்! சுவத்துல மாட்டியிருந்த படத்துல ஏசுசாமியே முகத்தைத் திருப்பிக்கிட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு.

நம்ம ஜனங்களப் பத்திதான் உனக்குத் தெரியுமே. வாய் விட்டு நல்லாயில்லைன்னு சொல்ல மாட்டாங்க. நம்ம பக்கத்துல வசவுலயே பெரிய வசவு எது? வித்தியாசமா இருக்கேங்கறது. அன்னிக்கு இருநூறு பேரு வரிசையா வந்து அதைத்தான் சொன்னாங்க. ஓ, இது வித்தியாசமா இருக்கே. நகத்தளவு எடுத்து பன்னுக்கு அடியில ஒளிச்சுக்கிட்டாங்க. லின்னியா பேப்பர்த் தொப்பி போட்டுக்கிட்டுப் பெரிய கரண்டிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு ட்ரே பக்கத்துல நின்னுச்சு. வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும், இது எங்கப்பா செஞ்சது, இது எங்கப்பா செஞ்சது. ஒரு மணி நேரம். ட்ரேயில ஒரு மூலை கூடக் குறையல. அவன் எங்க இருந்தான்னு கேளு. சமையல்கட்டுத் தொட்டியில பாத்திரம் கழுவிக்கிட்டு, இந்தப் பக்கம் திரும்பவே இல்ல. ஒரே சட்டிய நாலு தடவை கழுவினான். கோழை!

அப்புறம் சின்னப் புள்ளைங்கள மேடைக்குப் பாடக் கூப்பிட்டாங்க. லின்னியா கரண்டிய வச்சுட்டுப் போறப்ப மூணு தடவை திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. எல்லாரும் நாற்காலியத் திருப்பிக்கிட்டாங்க. நாலு பாட்டு. பாட்டு முடிஞ்சு அந்தப் புள்ள ஓடி வருது, பாத்தா ட்ரே காலி!

காலின்னா எப்படி? அங்கதான் இருக்கு சங்கதி. நம்ம ஊர்ல எவனாவது ட்ரேயக் காலி பண்ணுவானா? கடைசித் துண்டை எடுக்கிறதுக்கு நம்மள்ல ஒருத்தனுக்குத் தைரியம் உண்டா? பாதி வெட்டுவான், அடுத்தவன் அதுல பாதி, அதுக்கடுத்தவன் அதுலயும் பாதி. கடைசியில தபால்தலை அளவுக்கு ஒண்ணு கிடக்கும், அதைத் தொடுறதை விடத் திருடுறது மேல்னு விட்டுடுவான். மார்லிஸோட ட்ரேயிலயே முப்பது வருஷமா அந்தத் தபால்தலை மிஞ்சும். இவன் ட்ரேயில அதுவும் இல்ல. மூலையெல்லாம் சொரண்டி, கண்ணாடி மாதிரி மின்னுது.

லின்னியா போட்ட சத்தத்துல சமையல்கட்டுல ஒரு சட்டி கீழ விழுந்துச்சு. வெர்னா கண்ணாடிய மாட்டிக்கிட்டு ட்ரேயத் தூக்கி வெளிச்சத்துல பாத்துச்சு. கடைசித் துண்டு கூடவான்னு ரெண்டு தடவை கேட்டுச்சு. யாரோ ருசியில மரியாதையையே மறந்துட்டாங்கன்னு சொல்லிச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு வயித்தெரிச்சல். இந்த ஊரு இருக்கே, மகா பொய்க்காரப் பசங்க. தொடாதவன் நாந்தான்னு ஒத்துக்க எவனுக்கும் வாய் வரல. ஆளாளுக்கு, நான் ரெண்டு தடவை வாங்கினேன், நான் மூணு தடவைங்கறான். பன்னுக்கு அடியில ஒளிச்சவனெல்லாம் அவசர அவசரமா அதை எடுத்து வாயில போட்டுக்கிட்டான், கண்ணால பாத்தேன். மார்லிஸ் வந்து செய்முறை கேட்டா! வேலை அன்னிக்கே முடிவாயிருச்சு. இப்ப அவன் ஸ்கூல்ல முந்நூறு புள்ளைங்களுக்குக் கீரை போடுறான், அப்பன் ஆத்தாளுங்க நல்லாயிருக்குன்னு சத்தியம் பண்ணிட்டதால புள்ளைங்களும் தின்னு பழகிருச்சு. நீயும் அதைப் பாக்க இம்புட்டு தூரம் வண்டியெடுத்துக்கிட்டு வந்திருக்கே.

என்ன? யாரு காலி பண்ணினதா?

வேற எவனுக்கு வேலையில்ல? நான்தான்.

மெதுவாப் பேசு. முதல்ல குப்பையில கொட்டத்தான் பாத்தேன். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்துல மார்லிஸ் உக்காந்திருக்கா. வெளியில என் வண்டியில நாய் இருக்கு, அதுக்குப் போடலாம்னா, வாசலுக்கு அந்தப் பயல் பாத்திரம் கழுவுற இடத்தைத் தாண்டிப் போகணும். மிச்சம் இருந்தது ஹீட்டர் வச்சிருக்கிற பின்ரூமும் என் வயிறும்தான். ட்ரேயோட உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு, நின்ன நிலையில, பரிமாறுற கரண்டியாலயே தின்னேன். இருபது பேரு சாப்பாடு தம்பி, நாலு பாட்டு முடியறதுக்குள்ள தின்னு ட்ரேயத் திரும்ப மேஜையில வச்சாகணும். பேன்ட்டைத் தாங்குற தோள்பட்டியில ஒரு பட்டன் தெறிச்சு ஹீட்டர்ல பட்டு டங்குன்னுச்சு, மேடையில பாடிக்கிட்டிருந்த புள்ளைங்க அந்தத் தாளத்துக்கு மாறிக்கிச்சு. நம்பு, நம்பாட்டிப் போ.

பாசமா? மண்ணாங்கட்டி. அந்தப் புள்ள அந்தக் கரண்டியப் புடிச்சுக்கிட்டு நின்னதைப் பாக்கச் சகிக்கல, அவ்வளவுதான். பாதி காலியானாப் போதும்னுதான் போனேன். தபால்தலையாவது விட்டுட்டு வரணும்னு எனக்குத் தெரியாதா? நாலு வயசுல கடைசித் துண்டைத் தொட்டதுக்கு எங்கம்மா கொடுத்த அறை இன்னும் இந்தக் கன்னத்துல இருக்கு. அதுலேருந்து எழுவது வருஷம், ஒரு விருந்துல கூட நான் தொட்டதில்ல. அன்னிக்குப் பாதி வந்ததும் கரண்டிய வச்சிருக்கலாம். வைக்கல. முக்காலுல வச்சிருக்கலாம். அந்தக் கடைசித் துண்டைக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னேன், தம்பி. அப்புறம் அதையும் தின்னுட்டு, மூலையில ஒட்டியிருந்த பூசணிய விரலால வழிச்சு நக்கினேன்.

பேத்திக்காகத் தின்னவன் எதுக்கு விரலை நக்கணும்னுதானே பாக்கறே? பாக்காதே. காபியக் குடி. பதினொன்னேகால் ஆச்சு, கிளம்பு. அங்க அவன் உன்கிட்ட அந்த ட்ரே கதையக் கட்டாயம் சொல்லுவான், எல்லார்கிட்டயும் சொல்லுவான். கேட்டுட்டு வாயப் பொத்திக்கிட்டு வந்துரு. அவன் காதுக்கு மட்டும் இது போகக்கூடாது. அப்படியே போச்சுன்னா, யாரு சொன்னான்னு கேட்டா, மார்லிஸ்னு சொல்லிடு. நான் இன்னிக்கு இந்தப் பக்கமே வரல.