98,214 கிலோமீட்டர்

நாற்காலியை மாற்றிவிட்டீர்கள் போலிருக்கிறது. போன தடவை இங்கே மர நாற்காலி இருந்தது. இது சுற்றுகிறது. நீங்கள் கீழே போய் என் காரைப் பார்த்துவிட்டு வரும்வரை சுற்றிக்கொண்டேதான் இருந்தேன். தலை கிறுகிறுக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள். என் மனைவி இருந்திருந்தால், "எழுந்திருங்க, இப்ப என் முறை" என்று சண்டைக்கு வந்திருப்பாள்.

உங்கள் முகம் வெளுத்திருக்கிறது. மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றரை வருடத்துக்கு முன் எனக்குக் கார்க் கடன் கொடுத்தபோது நீங்கள் கோப்பில் எழுதிய எண் 98,214. இன்று கீழே நிற்கும் அதே காரிலும் 98,214. வண்டி நகரவே இல்லை என்று சொல்லலாம்தான். ஆனால் ஓட்டுநர் பக்கக் கதவு புதிது, நிறம் ஒட்டவில்லை. அதை நீங்கள் விரலால் தடவிப் பார்த்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

சொல்லிவிடுகிறேன். மறுபடி கடன் கேட்டு நான் இன்று நிரப்பிக் கொடுத்த படிவத்தின் கடைசி வரியும் அதைத்தானே கேட்கிறது, மேலே கண்டவை அனைத்தும் உண்மை என்று.

நான் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பொட்டலங்களில் தேதி அச்சடிக்கும் பிரிவு. ஒரு எண்ணைத் தட்டினால் பிஸ்கட்டின் ஆயுள் ஆறு மாதம். இன்னொன்றைத் தட்டினால் ஒன்பது. மாவு அதே மாவுதான். ஜனங்கள் எண்ணைப் பார்த்து நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். கல்லூரியில் மூன்று வருடம் படித்ததைவிட அந்த இயந்திரத்திடம் அதிகம் கற்றுக்கொண்டேன்.

கார் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. பழைய கார். கடன் வாங்கிய இடத்தில் வட்டி கழுத்தைப் பிடித்தது. தவணை போக மிஞ்சுவதில் வீடு பார்க்க முடியாது. அதனால் கல்யாணமான பிறகும் அக்கா வீட்டு முன்னறையில்தான் இருந்தோம். நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் அத்தான் டிவி பார்ப்பார். இவள் சிரித்தால் அவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். அதற்கும் சேர்த்துத் தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள்.

"ஏங்க, எனக்குத் தங்கமும் வேணாம், வைரமும் வேணாம். தாழ்ப்பாள் போட ஒரு கதவு வாங்கிக் குடுங்க, போதும்."

உங்களிடம் வட்டி பாதி. பழைய கடனை நீங்கள் அடைத்துவிடுவீர்கள். நான் உங்களுக்குச் சின்னத் தவணையாகக் கட்டலாம். மிச்சத்தில் இரண்டு அறையும் ஒரு கதவும் வந்துவிடும். ஒரே ஒரு தடை, உங்கள் அறிவிப்புப் பலகை. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய காருக்குக் கடன் இல்லை. என்னுடையது ஒரு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரம் தாண்டியிருந்தது.

மீட்டரைக் குறைக்கும் ஆள் ஒருவர் இருந்தார். அவர் கை பட்ட கார் என்றும் பதினாறு. அதனால் அவர் பெயரே பதினாறு ஆகிவிட்டது. மடிக்கணினியிலிருந்து ஒரு வயரை எடுத்துக் காரில் செருகினார். டீ ஆறும் நேரம்தான். அறுபதாயிரம் கிலோமீட்டர் போய்விட்டது. என் உடம்பே லேசானது. விசில் அடித்தேன். எனக்கு விசில் அடிக்க வரும் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

"தம்பி, ஒண்ணு சொல்றேன் கேளுங்க," என்றார் பதினாறு. "இன்ஜின் உள்ள டைமிங் பெல்ட்னு ஒண்ணு இருக்கு. ஒரு லட்சத்து அறுபதாயிரத்துல மாத்தணும்னு இங்க ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பாருங்க. உங்க வண்டி நிஜமாவே அதுக்குக் கிட்ட வந்துடுச்சு. மொதல்ல அதை மாத்துங்க. பெல்ட்டுக்கு மீட்டர் படிக்கத் தெரியாது."

"மாத்தலன்னா?"

"ஓடிட்டிருக்கும்போதே அறுந்துடும். நடுரோட்ல வண்டி செத்த பிணமா நிக்கும். எதிர்ல வர்றவன் பிரேக் போட்டா உங்க அதிர்ஷ்டம்."

அன்று மாலையே பெல்ட்டை வாங்கிவிட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். காசுக்குப் பார்த்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. பெட்டியில் உற்பத்தித் தேதி கோணலாக அச்சாகியிருந்தது. தொழில் புத்தி, அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தேன். "பதினோரு வருஷத்துல இவ்வளவுதான் ஓடிச்சா? வண்டிய பீரோவுல வச்சுப் பூட்டிட்டீங்களா?" என்று கேட்டீர்கள். நான் திருதிருவென்று விழித்தேன். அவள்தான் காப்பாற்றினாள்.

"ஆமா சார், பூட்டிட்டு சாவியத் தொலைச்சுட்டாரு. கல்யாணத்துக்கு அப்புறம் நான்தான் தேடிக் குடுத்தேன்."

நீங்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தீர்கள். அவள் சிரித்தாள். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதுவரை அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததும் இல்லை, மீட்டரைப் பார்த்ததும் இல்லை. இன்றும் நீங்கள் அந்தப் பீரோ கேள்வியைக் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

படி இறங்கும்போது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "கெட்டிக்காரருங்க நீங்க," என்றாள். என்னை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பள்ளியில்கூட 'அமைதியானவன்' என்றுதான் எழுதுவார்கள்.

புது வீட்டுக்குப் போன அன்று மதியம் முழுக்கத் தாழ்ப்பாளைப் போடுவதும் திறப்பதுமாக இருந்தோம். அவள் வெளியே நின்று கதவைத் தட்டுவாள். "யாரு?" என்பேன். "உங்க பொண்டாட்டி" என்பாள். "எந்தப் பொண்டாட்டி?" என்பேன். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். ஏழு கழுதை வயதுக்குப் பிறகு அப்படி விளையாடக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. ஊசி குத்துவது தெரியாமல் இரத்தம் எடுப்பாள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் அவள் எப்போது வருவாள் என்று கேட்டுக் காத்திருப்பார்கள். அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. கூடம் தூரம். போக வர எழுபது கிலோமீட்டர். தினமும் காரில் போனாள்.

எதையும் எழுதி வைப்பது அவள் தொழில். காருக்கும் ஒரு நோட்டுப் போட்டாள், உங்கள் கோப்பில் இருந்த எண்ணையே முதல் வரியாக வைத்து. முதல் நாளே பானட்டைத் திறந்து அந்த ஸ்டிக்கரைப் படித்துவிட்டாள்.

"ஏங்க, பெல்ட்டுக்கு இன்னும் அறுபத்தோராயிரத்து எழுநூத்தி எம்பத்தாறு இருக்கு. அதுக்குள்ள நம்ம பிள்ளை ஸ்கூலுக்கே போயிடும்."

"எந்தப் பிள்ளை?"

"வரப்போற பிள்ளை. உங்கள மாதிரி அதுவும் லேட்டாத்தான் வரும்."

பெல்ட் என் தொழிற்சாலை அலமாரியில் இருந்தது. மாற்ற ஒரு நாள் போதும். ஆனால் மாற்றினால் நோட்டில் எழுதுவாள். எழுதினால், இன்னும் அறுபதாயிரம் ஓட வேண்டிய பெல்ட்டை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பாள். அதற்கு ஒரு பொய் சொல்ல வேண்டும். ஆயிரம் பொய் இருக்கிறது, எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் நான் ஒரே ஒரு பொய் சொன்னவன். ஒன்றோடு நிறுத்திக்கொண்டால் அவன் கெட்டிக்காரன். இரண்டாவதும் சொன்னால் பொய்யன். அந்தக் கோட்டை நான் தாண்டவில்லை. இன்றைக்கும் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

பதின்மூன்று மாதம் ஓடியது. தாழ்ப்பாள் போட்ட பதின்மூன்று மாதம். அவள் குளியலறையில் பாடுவாள், நான் கதவுக்கு வெளியே தாளம் போடுவேன். அத்தான் ஒருநாள் வந்துவிட்டு, "இதென்ன வீடா, கிளிக்கூண்டா?" என்றார். "திரை இல்லாத கூண்டு அத்தான்," என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காற்று நிரப்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காரைப் பதினாறிடம் கொண்டுபோனேன். இன்ஜினில் லேசாக ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. அவர் காதை வைத்துக் கேட்டார். கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னும் மாத்தலையா? தம்பி, இது ஒரு வாரம் தாங்கினா பெரிசு. வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க."

"நாளைக்கு வேணும். அவ வேலைக்குப் போகணும்."

"பஸ் இல்லையா ஊர்ல?"

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை. வாயில் பல்துலக்கியோடு நின்றிருந்தேன். அவள் வாசலிலிருந்து திரும்பி வந்தாள்.

"ஏங்க, வண்டியில டிக்டிக்னு ஒரு சத்தம் வருது. பஸ்ல போயிடவா?"

நான் பேசவில்லை. வாயில் நுரை. மீட்டரைப் பார் என்று கையால் காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஆமால்ல, இன்னும் நாப்பதாயிரம் இருக்கே. நான் ஒரு பயந்தாங்கொள்ளி." போகிற போக்கில் என் மூக்கில் ஒட்டியிருந்த நுரையைச் சுண்டிவிட்டுப் போனாள்.

பாருங்கள், அப்போதும் நான் வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை.

சந்தைக்கு முன்னால் இருக்கும் நாற்சந்தியில் வண்டி நின்றுவிட்டது. நடுவில். பக்கவாட்டில் லாரி. ஓட்டுநர் பக்கக் கதவு.

புதிதாக ஓட்டக் கற்றவர், பதற்றத்தில் வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டார் என்று போலீஸில் எழுதினார்கள். பெல்ட் அறுந்திருந்ததை இடித்ததால் அறுந்தது என்றார்கள். மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"என் பொண்ணு பதறுவாளா மாப்பிள்ளை? சின்ன வயசுல கையில கண்ணாடி கிழிச்சப்பகூட அவ அழல. நான்தான் மயங்கி விழுந்தேன்."

"ஆமா மாமா," என்றேன். "வண்டியில உக்காந்தா பதறுவா."

சரி, அதை இரண்டாவது பொய் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லையே.

இடித்ததால் அறுந்தது என்று நீங்களும் எழுதிக்கொள்ளாதீர்கள். ஞாயிறு மாலையிலிருந்து திங்கள் காலைவரை எனக்கு நேரம் இருந்தது. ஒரு பக்கம் அவள் உயிர். இன்னொரு பக்கம், படி இறங்கும்போது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்த பார்வை. இரண்டையும் தெரிந்தேதான் பார்த்தேன். பார்வையை வைத்துக்கொண்டேன். அவளைக் கொன்றது நான்தான். அவள் கடைசிவரை என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். எத்தனை கணவன்மாருக்கு அது வாய்க்கும்?

ஐந்து மாதம் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தேதி அடித்தேன், வீட்டுக்கு வந்தேன், தாழ்ப்பாள் போட்டேன். தட்ட யாரும் இல்லை. போன வாரம் இயந்திரத்தில் தவறுதலாகப் போன வருடத் தேதியைத் தட்டிவிட்டேன். ஒரு பெட்டி முழுக்கப் போன வருடத்துப் பிஸ்கட், சூடாக வந்து விழுந்தது. அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவன்தான். இன்னும் நிற்கவில்லை. மேற்பார்வையாளர் விடுப்புக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

நேராகப் பதினாறிடம் போனேன். எண்ணைச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, காசும் வாங்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்க்கவே இல்லை. வேலை முடிந்து 98,214 என்று வந்ததும் மறுபடி விசில் வந்தது. அதே பாட்டு.

போன் எடுக்கிறீர்கள். போலீஸுக்குத்தானே? பேசுங்கள், நான் எங்கும் போகப் போவதில்லை. இந்த நாற்காலியை விட்டு யார் போவார்கள்? ஆனால் அதற்கு முன் அந்தப் படிவத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அவளிடம் காட்ட வேண்டும். முடிந்தால் அந்தப் பீரோ கேள்வியையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பதில் எனக்குத் தெரியும்.

லாரி இடித்தபோது மீட்டரில் 1,19,846. இப்போது 98,214. அந்தத் திங்கட்கிழமைக்கு இன்னும் இருபத்தோராயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

நீங்கள் கவலைப்படவே வேண்டாம் சார். இந்தத் தடவை பெல்ட்டை மாற்றிவிட்டேன்.