நிற்காத வண்டியின் நேர்கோடு

என் பெயர் எழிலரசன், வயது இருபத்துமூன்று, சொந்த ஊர் படவேடு, இப்போது இருப்பது ஓசூர். ஆரணியில் அக்கா சரண்யா செவிலியாக இருக்கும் மருத்துவமனையின் ஊழியர்கள் அனைவரின் சார்பாக, அக்கா கேட்டபடி, கைபேசியிடம் வாயால் சொல்லி எழுதிய பணி ஓய்வு வாழ்த்து மடல் இது.

பள்ளம் அறிந்து பக்குவமாய் ஓட்டிய பண்பாளரே, பதறி ஏறியவர்க்கெல்லாம் பாதி மருந்தாய் இருந்த பெரியவரே, ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஐயா வேடியப்பன் அவர்களே, வணக்கம்.

வெம்பாக்கம் என்றாலும் தேவிகாபுரம் என்றாலும் வேளை பாராமல் விரைந்தீர்கள். வலியில் வைதவர்களையும் வாய் திறவாமல் கொண்டுவந்து சேர்த்தீர்கள். இதை ஊரே அறியும். ஆனால் இந்த மேடைக்குத் தாங்கள் எப்படி வந்தீர்கள் என்பதும் இந்த மடலின் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்க வேண்டும்.

பரண் ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த எங்கள் அம்மா ஆதிலட்சுமியைப் படவேட்டிலிருந்து ஏற்றி வந்தார் வேடியப்பன். உடன் சரண்யா. ஜல்லி கொட்டிக் கிடந்த சாலை. ஓசூரிலிருந்து மகன் எழிலரசன் ஓயாமல் அழைத்தான்.

"ஜல்தியா போகச் சொல்லுக்கா."

"ஜல்தியா போனா அம்மாவுக்கு காலு போய்டும்டா. போன வை."

வேடியப்பன் வேகமுள்ளை ஒரே இடத்தில் பிடித்து, குலுங்காமல் கொண்டுவந்து சேர்த்தார்.

அறுவை சிகிச்சை மருத்துவர் காத்திருக்க நேர்ந்தது. மறுநாள் மேலாளர் ராஜ்குமார் அந்தப் பயணத்தின் வேக வரைபடத்தைக் கணினியில் திறந்தார். கோடு சற்று ஏறியது. பிறகு நெடுந்தூரம் நேராகக் கிடந்தது. இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துப் பழகிய இடம் அது. அங்கே நேர்கோடு என்றால் எல்லாம் நின்றுவிட்டது என்றே பொருள்.

"கோடு படுத்துக்கினு கீதே. எங்க நிறுத்தினீங்க, டீக்கடையிலயா?"

"நிறுத்தல சார்."

"நானும் வண்டியிலதான் சார் இருந்தேன்," என்றாள் சரண்யா.

"நீ அம்மா மூஞ்சியப் பாத்துக்கினு இருந்திருப்பம்மா. படுத்த கோட்டுக்கு என்னா அர்த்தம்னு நர்ஸு உனக்கே தெரியாதா?"

'நோயாளியோடு வண்டியை வழியில் நிறுத்தினார்' என்று பணிக்குறிப்பில் ஒரு வரி ஏறியது.

விடைபெறும் விழாவே வேண்டாம் என்றுவிட்டார் வேடியப்பன். "பொன்னாடை போத்திட்டு, நோயாளிய நடுரோட்ல போட்டவன்னு முதுகுக்குப் பின்னால பேசுவீங்க. அந்த வரிய அடிக்காம மேடை ஏறமாட்டேன்."

"பேஜார் பண்ணாதீங்க," என்றார் ராஜ்குமார்.

"பேஜார் இல்ல சார். வண்டில ஏறுங்க. நின்னா கோடு எப்படி கீதுன்னு நிறுத்தியே காட்றேன்."

மேலாளர் ஏறினார். தேவிகாபுரம் சாலையில் முள் அசையாமல் ஓட்டினார் வேடியப்பன். பிறகு ஓரங்கட்டி நிறுத்தி, மேலாளருக்கே டீ வாங்கி நீட்டினார். "நல்லா பொறுமையா குடிங்க சார். இதான் நிக்கிறது."

திரும்பி வந்து திரையைப் பார்த்தபோது படுத்த கோடுகள் இரண்டு இருந்தன. வண்டி ஓடியபோது வந்தது நடு உயரத்தில் படுத்திருந்தது. டீ குடித்தபோது வந்தது தரையோடு ஒட்டிக் கிடந்தது. அம்மாவின் பயணத்தில் கோடு இடையில் எங்குமே தரையைத் தொடவில்லை. மருத்துவமனை வாசலில்தான் தொட்டது.

ராஜ்குமார் கண்ணாடியைக் கழற்றினார். "படுத்துக்கினு கீதான்னு மட்டும் பாத்தேன்ணே. எங்க படுத்துக்கினு கீதுன்னு பாக்கல." அன்றே அந்த வரியை அடித்தார்.

ஐயா, அம்மா இன்று சுவர் பிடித்து நடக்கிறார். அந்தக் கோடு நேராகக் கிடந்ததால் நடக்கிறார். உயரம் குறையாமல், ஒரு நாளும் தரை தொடாமல் ஓடிய தங்கள் இருபத்தாறு ஆண்டுப் பணியும் அப்படியொரு கோடே. இனி அது மெல்லச் சரியட்டும். திடீரென்று பிரேக் அடிக்க வேண்டாம். நோய் அண்டாத உடலோடும் நோகாத மனத்தோடும் நெடுங்காலம் வாழுங்கள்; இந்த வாசலுக்கு இனி விருந்தாளியாக மட்டும் வாருங்கள்.

இங்ஙனம்,
மருத்துவமனை ஊழியர்கள், ஆரணி.

மேடையில் இதைப் படிப்பவருக்கு: அம்மா முன்வரிசையில் இருப்பார். படித்து முடித்ததும் அவரை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். ஐயா பார்க்கட்டும்.