சாய்ந்த கப்பலின் சமையலறை

— கையைக் கொடு. ஏணி துருப்பிடிச்சுக் கிடக்கு, பாத்துக்க.

— கையெல்லாம் வேணாம். நீங்க ஏறுங்க, நான் பின்னாடியே வர்றேன்.

— கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல உன்னை ஒரு படகுல ஏத்த முடிஞ்சுதா? இன்னைக்கு என்னடான்னா நான் சமைச்ச பழைய கப்பலைப் பாக்கணும்னு நீயே கெளம்பிட்ட.

— தண்ணியா இருக்கு? சேத்துலதானே கெடக்கு. ஏழு, எட்டு... இத்தனை கப்பலையும் இப்படியே போட்டுட்டுப் போயிட்டாங்களா?

— ஓடுற வரைக்கும் ஓட்டினாங்க. ஓஞ்சதும் கரையில ஏத்திட்டுப் போயிட்டாங்க. உடைக்கக்கூட ஒருத்தரும் வரல.

— கப்பல் கம்பெனிக்காரங்களுக்கு என்ன சொல்லப் போறீங்க?

— சாயங்காலம் ஃபோன் பண்ணுவாங்கல்ல, வரலைன்னு சொல்லிடுவேன். இன்னும் ஒரு வருஷம் சமைக்க வாங்க, வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வரலாம்னாங்க. நல்ல மனுஷங்க. ஆனா உனக்குத்தான் தண்ணின்னாலே ஆகாதே. இந்தா, இதான் என் சமையலறை. குனிஞ்சு வா.

— அடுப்பைச் சுத்தி எதுக்குங்க கம்பி?

— அலையில பாத்திரம் நழுவாம இருக்க. இருபத்தெட்டு பேருக்கு மூணு வேளை, பாத்துக்க.

— அதானே. வீட்ல ரெண்டு பேருக்கு ஊருக்கே ஆக்குற மாதிரி ஆக்கி வைக்கிறீங்க. இங்க எப்படி நிப்பீங்க?

— காலை அகட்டி, இப்படி. மெதுவா, தரை சாஞ்சிருக்கு.

— நின்னுட்டேன் பாருங்க. ரொம்ப ஆடுமோ?

— மொத வாரம் கொடலைப் பிடுங்கும். அப்புறம் பசிதான் பிடுங்கும்.

— சரி, படுக்கிற எடம்?

— பக்கத்துலதான். இந்த ரூம்.

— இவ்வளவுதானா? நான் பிள்ளைங்களோட அல்லாடும்போது, நீங்க அங்க ஜம்முனு இருக்கீங்கன்னு எத்தனை நாள் வயிறெரிஞ்சிருக்கேன். பாவம்ங்க நீங்க. ஜன்னல் நல்லா இருக்கு. ரெண்டு பேர் படுக்க முடியுமா?

— ஒருத்தர் மேல ஒருத்தர் கோவப்படாம இருந்தா முடியும்.

— கடலை விட்டுட்டு இருந்துடுவீங்களா?

— மனசு கொஞ்சம் அடிச்சுக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா உன்னைத் தனியா விட்டுட்டு இன்னொரு வருஷமா? போதும்மா. வீட்ல சந்தோஷமாத்தான் இருக்கேன். சாயங்காலம் ஃபோன் வரட்டும், முடிச்சுடறேன்.

— வராதுங்க. காலைல நீங்க குளிக்கப் போனப்பவே வந்துடுச்சு. ரெண்டு பேரும் வர்றோம்னு சொல்லிட்டேன். சொல்லி முடிச்சப்புறம்தான் பயம் பிடிச்சுது, அதான் உங்களை இங்க இழுத்துட்டு வந்தேன்.