அரசன் மகனாகப் பேசியது நான்

என் பெயரும் முகவரியும் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது முப்பத்தெட்டு. நானும் என் அண்ணியும் சேர்ந்து மேசை விளையாட்டுப் புத்தகங்கள் தயாரித்து வெளியிடுகிறோம். கதையும் விதிகளும் நான் எழுதுவேன், அண்ணி படம் வரைந்து பக்கம் அமைப்பார். அச்சகத்தின் மேல்மாடி அறைதான் எங்கள் அலுவலகம். காணவில்லை என்று புகார் தரப்பட்டுள்ள பெரியவரை எனக்குத் தெரியும். லிப்ட் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரை லிப்ட்காரர் என்றே கூப்பிடுவோம்.

போலீஸ் அதிகாரி கேட்டதால் விளையாட்டைப் பற்றிச் சொல்கிறேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவோம். புத்தகம் அச்சுக்குப் போகும் முன்பு வெளியாட்களை வைத்து ஆடிப் பார்ப்போம். எழுதும்போது பிரமாதமாகத் தெரிந்தது ஆடும்போது சப்பென்று போய்விடும் என்பதால் இந்தச் சோதனை ஆட்டம் இல்லாமல் எதையும் வெளியிடுவதில்லை.

இந்த வருடம் நாங்கள் தயாரித்தது ஒரு கோட்டைக் கதை. ஆடுகிறவர்கள் திருடர்களாகக் கோட்டைக்குள் நுழைந்து கிரீடத்தை எடுத்துக்கொண்டு வர வேண்டும். சோதனைக்கு ஆள் தேவை என்று அச்சக வாசலில் ஒட்டியிருந்ததைப் பார்த்து, பெரியவரின் மகன் மாடிக்கு வந்தார்; தன் கம்பெனி வேலையாக அச்சகத்துக்கு வந்திருந்தவர். "அப்பா வீட்ல சும்மாவே உக்காந்திருக்காரு. ஞாயித்துக்கிழமை நானே கொண்டுவந்து விட்டு, நானே கூட்டிட்டுப் போறேன். தனியா மட்டும் அனுப்பிடாதீங்க" என்றார். நானும் சரி என்றேன்.

அதன் பிறகு பெரியவர் ஞாயிறுதோறும் வந்தார். அவரைத் தவிர மருந்துக்கடைக்காரர் ஒருவரும் அண்ணியும் ஆடினார்கள், நான் கதையை நடத்தினேன். முதல் நாளே பெரியவர் கிரீடத்தைச் சட்டை செய்யவில்லை. கோட்டையின் வரைபடத்தை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கதவும் உள்பக்கம் பூட்டுவதா வெளிப்பக்கம் பூட்டுவதா என்று கேட்டார். அதை நான் யோசித்தே இருக்கவில்லை. அண்ணி கதவுகளை அழகுக்காகத்தான் வரைந்திருந்தார். மருந்துக்கடைக்காரர் "ஐயா, இப்படியே போனா கிரீடம் துருப்பிடிச்சிரும்" என்று கிண்டல் செய்தார். எனக்கு எரிச்சல் வரவில்லை. நாம் போட்ட பாதையை விட்டு விலகிப் போகிற ஆள்தான் எங்கள் தொழிலுக்கு உபயோகமான ஆள். இவர் ஏன் விலகுகிறார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

அடுத்த வாரம் திருடனாக ஆட மாட்டேன் என்றார். கோபுரத்து அறையில் ஒரு கிழட்டு அரசன் இருப்பதாகப் புத்தகத்தில் ஓரிடத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்தேன். வயதாகிவிட்டது என்று மகன் அவரை அங்கே வைத்திருக்கிறான், அவ்வளவுதான். "நான் அந்தக் கிழவனா ஆடட்டுமா?" என்று கேட்டார். அப்படி ஆட விதியில் இடமில்லை. ஆனால் ஆடவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க விரும்பி ஒப்புக்கொண்டேன்.

ஆட்டம் தலைகீழாக மாறிவிட்டது. திருடர்கள் உள்ளே வருகிறார்கள், கிழவர் வெளியே போகப் பார்க்கிறார், இரண்டு கூட்டமும் மாடிப்படியில் முட்டிக்கொள்கின்றன. அன்று போல நாங்கள் என்றுமே சிரித்ததில்லை. சத்தம் கேட்டு அச்சகக்காரர் மேலே வந்து, கதவோரம் நின்று கடைசி வரை பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு நான் கதையைத் திருப்பி எழுதினேன். கிரீடத்தை எடுத்துவிட்டேன், கோட்டையிலிருந்து வெளியேறுவதே ஆட்டம் என்று மாற்றினேன். அட்டைப்படத்தை முடித்து வைத்திருந்த அண்ணி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

புதிய கதையில் கிழவரைத் தடுப்பது அரசன் மகன். கதையை நடத்துகிறவள் என்பதால் அவன் பேச்சை நான் பேசினேன். ஓர் ஆட்டத்தில் கிழவரான பெரியவர் என்னைப் பார்த்து, "தம்பி, என்மேல உனக்குக் கோவமா, பயமா?" என்று கேட்டார். நான் எழுதி வைத்திருந்தபடி, "எல்லாம் உங்க நல்லதுக்குத்தாம்பா" என்றேன். அவர் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு உருட்டாமல் இருந்தார். பிறகு, "வரி நல்லா வந்திருக்கும்மா. அச்சு அசலா அப்படியேதான் சொல்லுவாங்க" என்றார்.

ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டேன். "பிரச்சினை ஒண்ணுமில்லம்மா. பையன் தங்கம். ஒருவாட்டி அடுப்பை அணைக்காம விட்டுட்டேன், அதுலேருந்து வேலைக்குப் போகும்போது வெளிப்பக்கம் பூட்டிக்கிட்டுப் போறான். ஒன்பதாவது மாடி. லிப்ட் ஏறி இறங்குற சத்தம் மட்டும் கேக்கும். எந்த மாடியில நிக்குதுன்னு சத்தத்தை வெச்சே சொல்லிருவேன்" என்றார். மகனிடம் நான் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

சம்பவம் நடந்த ஞாயிறு, மகன் வரத் தாமதமானது. மருந்துக்கடைக்காரர் போய்விட்டார். பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் கிளம்பறேம்மா" என்றார். "உங்க பையன் வந்துருவாரே, கொஞ்சம் இருங்களேன்" என்றேன். "இத்தனை நாள் இருந்துட்டேனே" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். தனியாக அனுப்ப மாட்டேன் என்று மகனிடம் சொன்னது நினைவில் இருந்தது. அவரைத் தடுக்க வேண்டுமானால் வாசலில் போய் நிற்க வேண்டும். நான் நிற்கவில்லை. பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன், இருக்கிறது என்றார். எங்கே போகிறார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மகன் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். என்னைத் திட்டினார், படி இறங்கித் தெருவில் அங்குமிங்கும் ஓடித் தேடினார். நாங்களும் தேடினோம். மறுநாள், அப்பாவின் மனதைக் கெடுத்து நாங்கள் கடத்திவிட்டதாகப் புகார் கொடுத்தார்.

ஆட்டம் எங்கே தொய்கிறது என்று பிறகு கேட்டுப் பார்ப்பதற்காக நாங்கள் எல்லாவற்றையும் போனில் பதிவு செய்வது வழக்கம். அந்தப் பதிவை அதிகாரியிடம் ஒப்படைத்துள்ளேன். அதில், "அரசன் மகன் அசந்த நேரம் பாத்துக் கிளம்பிடணும்" என்று கேட்கும் குரல் மருந்துக்கடைக்காரருடையது. அது ஆட்டத்தில் பேசியது. யார் அந்த அரசன் மகன் என்று அதிகாரி கேட்டார். நான்தான் என்றேன். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணி எனக்குப் போன் செய்து, பெரியவர் இப்போதுதான் அச்சகத்துக்குப் பேசினார் என்று சொல்லி ஒரு எண்ணைக் கொடுத்தார். அதை அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துப் பேசினார். பெரியவர், "நான் காணாமப் போகலைங்க. வெளிய வந்திருக்கேன்" என்றார். யாரும் தன்னைக் கடத்தவில்லை என்றும், கூட வேலை பார்த்த பழைய சிநேகிதர் வீட்டில் தங்கியிருப்பதாகவும், இருவரும் சேர்ந்து ஒரு லாட்ஜில் நின்றுபோன லிப்டைச் சரி செய்துகொண்டிருப்பதாகவும் சொன்னார்.

புகார்தாரரான மகன் சுவரோரம் நின்றிருந்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா" என்றார்.

"சொன்னேன்டா. தினமும் காலைல சொன்னேன். பூட்டற சத்தத்துல உனக்குக் கேக்கலை."

போனில் பின்னணியில் யாரோ சுத்தியலால் தட்டுவது கேட்டது. அதன் பிறகு மகன், "மாத்திரை போட்டீங்களா?" என்றார். பெரியவர், "போட்டேன். நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். மகன் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி போனை அவர் கையில் கொடுத்தார். அவர் அதைக் காதில் வைத்தபடி வெளியே போனார்.

நான் இதை முடிக்கும்வரை அவர் உள்ளே வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வாசல் படியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது. எனக்குத் தெரிந்தவரை அனைத்தும் உண்மை, யாருடைய வற்புறுத்தலும் இல்லை.

(ஒப்பம்)