சாவித் துவாரத்தின் மேல் ஒரு ஸ்டிக்கர்

அக்கா: இன்னும் சுத்துதா?

தம்பி: சுத்துது. ஸ்கிரீன்ல அந்த வட்டம் நிக்கவே மாட்டேங்குது.

அக்கா: சுத்தட்டும். நாமளும் வேடிக்கை பார்ப்போம். வேற என்ன வேலை இருக்கு நமக்கு...

தம்பி: கிண்டல் பண்றதுக்கு இதுவா நேரம்? நெட் வந்ததும் கதவு தானா திறந்துடும்.

அக்கா: வந்ததும்.

டிரைவர்: சார், வண்டி வெயில்ல நிக்குது. உள்ள இருக்கிறது திராட்சை. இரும்புக் கம்பி இல்ல.

தம்பி: கொஞ்சம் பொறுப்பா. அஞ்சு நிமிஷம்.

டிரைவர்: நான் டீ குடிக்கப் போறதுக்கு முன்னாடியும் இதே அஞ்சு நிமிஷம்தான் சார்.

அக்கா: அவரைச் சொல்லிக் குத்தமில்ல டிரைவர். கதவைத் திறக்கலாமான்னு மேல கேட்டிருக்காரு. பதில் வரல.

டிரைவர்: மேலன்னா... பெரிய முதலாளியா?

அக்கா: கிளவுடு. எங்க குளிர்கிடங்கோட கணக்கு, பில்லு, கதவு எல்லாம் இப்ப அங்கதான் இருக்கு. இங்க மிச்சம் இருக்கிறது உங்க திராட்சையும் நாங்க ரெண்டு பேரும்தான்.

தம்பி: அக்கா, வெளியாள் முன்னால வேண்டாம்.

அக்கா: வெளியாளையும் சேர்த்துத்தானே வெளிய நிக்க வச்சிருக்கே. எங்கேயோ கடல் தாண்டி ஒரு மெஷின் 'சரி'ன்னு தலையாட்டணும், அப்பத்தான் நம்ம கதவு திறக்கும். நல்லா இருக்குடா உன் ஏற்பாடு.

தம்பி: ஊரே அதுக்கு மாறிடுச்சு. நாம மட்டும் பூட்டும் சாவியுமா உக்காந்திருக்க முடியுமா? ஒரு லைன் போனா இன்னொண்ணு இருக்கட்டும்னுதான் ரெண்டு கம்பெனியில கனெக்‌ஷன் வாங்கியிருக்கேன்.

அக்கா: அந்த ரெண்டாவது எங்கே?

தம்பி: அதுவும்... போயிடுச்சு.

அக்கா: ஏன் போச்சு?

தம்பி: ரெண்டு கேபிளும் ஒரே குழாயில வருதாம். காலையில ரோட்டைத் தோண்டினவன் மொத்தமா...

அக்கா: கம்பெனி பேரைப் படிச்சுப் பார்த்து வெட்டுவான்னு நினைச்சியாக்கும்.

தம்பி: சரி சரி. நீ ஒண்ணு பண்ணு. என் போனை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போ. தண்ணித் தொட்டிப் பக்கம் லேசா சிக்னல் வரும்.

அக்கா: உன் போன், உன் சிக்னல். நீ போ.

தம்பி: நான் இங்க இருக்கணும்.

அக்கா: எதுக்கு? சுத்துறதைப் பார்க்கவா? அதை நான் பார்த்துக்கிறேன். நீ போய் அந்தப் பள்ளத்தை எட்டிப் பாரு, வேலை நடக்குதான்னு.

தம்பி: நீ போயேன்.

அக்கா: எனக்கு முட்டி வலி.

தம்பி: காலையில மாடிப்படி ரெண்டு ரெண்டா ஏறினே.

அக்கா: அதனாலதான் வலி.

டிரைவர்: யாராவது ஒருத்தர் போங்களேன்... சார், இந்தப் பூட்டுக்குச் சாவித் துவாரம் எதுவும் இல்லையா?

தம்பி: இருக்கு. அந்த ஸ்டிக்கருக்கு அடியில. ஆனா சாவி கிடையாது. எல்லாச் சாவியையும் வாங்கி எறிஞ்சாச்சு.

டிரைவர்: ஸ்டிக்கர் ஓரம் பிஞ்சிருக்கே சார். யாரோ தூக்கிப் பார்த்த மாதிரி...

தம்பி: தொடாதே.

அக்கா: தொடாதீங்க.

டிரைவர்: தொடல மேடம்.

அக்கா: சாவின்னதும் ஞாபகம் வருது. வாட்ச்மேன் இருந்திருந்தா இந்த நேரம் திறந்து விட்டிருப்பாரு.

தம்பி: அந்தப் பேச்சை எடுக்காதே. சாவியை ஒப்படைக்கச் சொன்னேன். எல்லாரும் கொடுத்தாங்க. அந்த ஆள் மட்டும் ஒண்ணை இடுப்புல ஒளிச்சு வச்சிருந்தாரு. நம்பிக்கைத் துரோகம் அது.

அக்கா: 'ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும் தம்பி'ன்னாரு. அவ்வளவுதான்.

தம்பி: நீயும் பக்கத்துலதானே நின்னே. ஒரு வார்த்தை பேசினியா?

அக்கா: ...பேசல.

டிரைவர்: சார், வியாபாரி போன்ல இருக்காரு. லோடை எதிர்த்த கிடங்குக்குத் திருப்பச் சொல்றாரு. இனிமே எல்லா லோடும் அங்கதானாம்.

தம்பி: திருப்பாதே. கொஞ்சம் இரு... அக்கா, இருக்கிறதே இந்த ஒரு வியாபாரிதான். இவரும் போயிட்டா கிடங்கையே இழுத்து மூட வேண்டியதுதான்.

அக்கா: தெரியுது இல்ல? அப்ப மாடிக்குப் போ.

தம்பி: நீ... கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பேன்.

அக்கா: எதுக்கு?

தம்பி: திரும்புன்னா திரும்பு.

அக்கா: என்னடா சத்தம் அது? ஸ்டிக்கரையா பிக்கிறே... கையில என்ன? காட்டு.

தம்பி: ஒண்ணுமில்ல.

அக்கா: சாவி.

தம்பி: ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும்னு...

அக்கா: இதே வார்த்தைக்குத்தான் ஒரு மனுஷனோட சீட்டைக் கிழிச்சே. ஊருக்கெல்லாம் கிளவுடு, உன் பாக்கெட்டுக்கு மட்டும் சாவியா? வெக்கமா இல்ல உனக்கு?

தம்பி: இருக்கு. போதுமா? முதல்ல திறக்க விடு.

டிரைவர்: சீக்கிரம் சார், லைன்லயே இருக்காரு.

தம்பி: திரும்ப மாட்டேங்குதே...

அக்கா: அமுக்கு.

தம்பி: அமுக்கித்தான் பார்க்கிறேன். புதுசா வெட்டின டூப்ளிகேட்டு. சரியா ராவல போல.

டிரைவர்: வண்டியை எடுத்துடவா சார்?

அக்கா: எடுக்காதீங்க. டேய், தள்ளு.

தம்பி: உனக்குத் திருப்பத் தெரியுமா?

அக்கா: இது வேற சாவி. தள்ளுன்னேன் இல்ல.

டிரைவர்: திறந்துடுச்சு... அப்ப இவ்வளவு நேரமும் உங்க ரெண்டு பேர்கிட்டயும்...

தம்பி: அக்கா, இது ஏது?

அக்கா: வாட்ச்மேன் இடுப்புலேர்ந்து நீ பிடுங்கினது. குப்பையில போடச் சொல்லி என்கிட்டதானே கொடுத்தே.