மணிக்கூண்டுப் பரண்

– உட்காருன்னுகூடச் சொல்ல மாட்டீங்களாண்ணே?

– மந்திரிக்கு நான் என்னங்க சொல்றது? உங்க அரசாங்கத்துச் சிறை. எங்கே வேணும்னாலும் உட்காருங்க.

– என்னண்ணே, 'வாங்க போங்க'ன்னு? எப்பவும் 'டா' போட்டுத்தானே பேசுவீங்க.

– அந்த 'டா' அந்நியன் காலத்துல இதே சிறையில என்கூட ஒரே தட்டுல சாப்பிட்டவனுக்கு.

– கோபம் நியாயம்தான். ஆனா ஒரு போதகர் துறைமுக ஸ்டிரைக்காரங்களை ஆலயத்துல ஒளிச்சு வைக்கலாமா? நாடு இப்பத்தான் எழுந்து நிக்குது.

– உன்னை ஒளிச்சு வச்சப்பவும் நான் போதகர்தான்.

– அது விடுதலைக்காகண்ணே!

– இவங்க மட்டும் என்னத்துக்குப் போராடினாங்க? கூலி கேட்டவனை அள்ளிட்டுப் போக அதே சட்டம், அதே லாரி, அதே லத்தி. கொடி மட்டும் புதுசு.

– அண்ணே, நான் சொல்றதைக்...

– முதல்ல நான் கேக்கறேன். மணிக்கூண்டுக்கு மேல அன்னைக்கு உன்னை ஒளிச்சு வச்ச பரண், மணி அடிக்கிறவருக்கே தெரியாது. போலீஸ் பலிபீடத்துப் பக்கம் போகல, என் அறையை எட்டிக்கூடப் பார்க்கல. ஏணியும் கையுமா நேரா அங்கேதான் வந்தாங்க. எப்படிடா?

– அது இப்ப எதுக்குண்ணே?

– பதில் சொல்லுடா.

– நாட்டுத் தலைவரே கேட்டாரு.

– கேட்டாரு. நீயும் சொல்லிட்டே.

– சொல்லலேன்னா நானும் அவங்க ஆளுன்னு நினைச்சிருப்பாரு.

– பரண்ல இருந்த கிரேன் ஓட்டுறவரை மேலேயிருந்து தள்ளி விட்டிருக்காங்க. இடுப்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கார். 'உங்களை நம்பித்தானே ஐயா அனுப்பினேன்'னு அவர் சம்சாரம் இங்கே வந்து கம்பி வழியா என் சட்டையைப் பிடிச்சுக் கேட்டா. நான் என்னன்னு சொல்ல?

– அதையெல்லாம் சரிக்கட்டத்தான் வந்தேன். ஞாயித்துக்கிழமை ஆராதனையில ஒரே வார்த்தை. அரசாங்கத்து மேல தப்பில்லைன்னு சொல்லிடுங்க. அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்.

– நானும்தான்டா ஏமாந்தேன். கொடி ஏறின அன்னைக்கு, இயேசு தர்ற விடுதலையே ஊருக்கு வந்துட்ட மாதிரி கை வலிக்க மணி அடிச்சேன். ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுட்டேன். அந்நியன் கப்பலேறிப் போயிட்டான், உனக்குள்ள இருந்த பயம் போகலையே! முன்னே அவனுக்கு நடுங்கினே, இப்ப தலைவருக்கு நடுங்கறே.

– பயமில்லாத நீங்க இங்கே சுகமாத்தான் இருக்கீங்களா?

– சுகமா? முட்டி வலிக்குது. உன்னை நினைச்சாலே வயிறெரியுது. ஜெபம் பண்ணக் கண்ணை மூடினா உன் மூஞ்சிதான் வந்து நிக்குது. ஆனா ஒரு பொய் சொல்லவைக்க யாராலயும் முடியல பாரு. கர்த்தர் எனக்குக் கொடுத்த விடுதலை அவ்வளவுதான். அதையும் நீ கேக்கறே.

– உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாது. வார்டர்! கதவைத் திறப்பா.

– மன்னிக்கணுங்க. திறக்க உத்தரவு இல்லீங்க.

– யார்கிட்ட பேசறே? நான் மந்திரி!

– மதியம் வரைக்கும் இருந்தீங்க. இப்பத்தான் ரேடியோவுல சொன்னாங்க. ஆலயத்துல போலீஸை விட்டது, ஆளை அடிச்சது, எல்லாமே உங்க தப்பாம்.

– தலைவர்தானய்யா என்னை இங்கே அனுப்பினாரு! போய்ப் பேசிட்டு வான்னு தோள்ல தட்டி...

– ஆமாங்க. உங்களை உள்ளே விடத்தான் உத்தரவு, வெளியே விட இல்லீங்க. போதகரய்யா, உங்களை விட்டுடச் சொல்லிட்டாங்க. கிளம்புங்க.

– அண்ணே, போயிடாதீங்கண்ணே! தலைவர் ஏண்ணே எனக்கு இப்படி...

– கத்தாதே. வார்டர், என்னோட பிடிச்சுட்டு வந்த தொழிலாளிங்க?

– அவங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க. உங்களை மட்டும்தான்.

– அப்போ கதவு பூட்டினபடியே இருக்கட்டும். இவனுக்கும் ஒரு போர்வை கொடுப்பா.