மூன்று கற்சட்டங்கள்

பழைய கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது, ஐயா. வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். அந்தப் பழைய மாளிகையின் ஜன்னல்களைப் பல வருடமாக அப்படித்தான் துடைத்தேன். ஜன்னலை நெடுக்காகப் பிரித்து நிற்கும் கற்சட்டம் விரிசல் விட்டால், புதிதாகச் செதுக்கி வைப்பதும் என் வேலைதான். நானும் என் மனைவியும் அங்கேயே மாடி அறையில் குடியிருந்தோம்.

நான் பயந்த சுபாவம். கடைக்குப் போனவள் திரும்பக் கொஞ்சம் தாமதமானாலும் தெருமுனைவரை தேடிப்போய் நிற்பேன். "நான் என்ன ஓடியா போயிடப்போறேன், பயந்தாங்கொள்ளி?" என்று முதலில் சிரிப்பாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள். அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். அன்றிலிருந்து, வேலைக்கு இறங்கும்போது அறையை வெளியே பூட்டிவிடுவேன். வேளாவேளைக்குச் சாப்பாடு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை.

அன்று மத்தியானம் கீழே மரச்சாமான் அறையில் தீப்பிடித்தது. நான் வைக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். படிக்கட்டு முழுக்கப் புகை. வெளிச்சுவரில் ஏணியைச் சாத்தி ஜன்னல் வரை ஏறினேன். என்னைத் திட்டுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. அவள் தலை வெளியே வந்தது, தோள் வரவில்லை.

"என்னங்க, உடைங்க. ஒரே அடிதான், உடைஞ்சிடும்."

"பழைய கல்லும்மா. அதுல கை வைக்கக் கூடாது."

"அது பழசு இல்லன்னு உங்களுக்கே தெரியும்," என்றாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

தெரியும். அந்த மாளிகையில் எல்லா ஜன்னலுக்கும் நடுவில் ஒரே ஒரு சட்டம். எங்கள் அறை ஜன்னலில் மட்டும் மூன்று. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டை, போன மழைக்காலத்தில் நான்தான் செதுக்கி வைத்தேன். அவள் தூங்கும்போது தோளை நூல் பிடித்து அளந்துகொண்டேன். காற்று வர வேண்டுமே என்று அதற்குமேல் நெருக்கவில்லை.

சுத்தியல் என் இடுப்பில்தான் இருந்தது, ஐயா. எடுக்கவும் எடுத்தேன். அடித்திருந்தால் அவள் ஏணியில் இறங்கியிருப்பாள். இறங்கியதும் நேரே அக்கா வீட்டுக்குத்தான். தெருமுனையில் அவள் முதுகு மறைவதை நினைத்தேன். தீயைவிட எனக்கு அதுதான் பயம்.

சுத்தியலை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை உருவிக்கொள்ளத்தான் பார்த்தாள். நான் விடவில்லை. சூடு தாங்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவளைத் தனியாகத் தவிக்கவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.